கடைசிப் பட்டை

பூபதி குடும்பத்தோடு எங்கேயாவது போய் ஓய்வெடுத்துவிட்டு வந்தால், அதிலிருந்து தேறி எழ தாரணிக்கு ஒரு வாரம் பிடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஏற்காடு, மூணாறு, ஒரு தடவை கோவளம் என்று இடம் மாறுமே தவிர அவள் வேலை மாறாது. கிளம்புவதற்கு முந்தின நாளே தக்காளித் தொக்கு கிண்டி, சப்பாத்தி சுட்டு அடுக்க வேண்டும். பூபதியின் வயிற்றுக்கு ஒரு மாத்திரை, தலைவலிக்கு ஒன்று எடுத்து வைக்க வேண்டும். மகள் இனியாவுக்கு மலை ஏறினால் வாந்தி வரும். அதற்கு எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும். வீடு தானே பூட்டிக்கொள்கிற, அடுப்பு தானே அணைந்துகொள்கிற காலம் வந்துவிட்டது. ஆனாலும் பூட்டிக்கொண்டதா, அணைந்ததா என்று யாராவது ஒருத்தர் வழி நெடுக நினைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அந்த யாராவது எப்போதும் தாரணிதான்.

போன வருஷம் மூணாறில் கண்ட கடையில் கண்டதைத் தின்றுவிட்டு பூபதி இரண்டு நாள் புரண்டான். அவனுக்கு பக்கெட்டைப் பிடித்ததும் அவள்தான், அதைக் கழுவிக் கவிழ்த்ததும் அவள்தான். ஈரோட்டுக்குத் திரும்பியதும் சிநேகிதனிடம் போனில், "நல்லா ரிலாக்ஸா இருந்துச்சுப்பா" என்றான். அதைக் கேட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கெட்டைக் கழுவும்போது வராத குமட்டல் அப்போதுதான் வந்தது.

அதனால், இந்த வருஷம் வேறு மாதிரி போகலாம் என்று பூபதி சொன்னபோது அவள் நம்பவில்லை. அவனுக்கும் வேறு வழியில்லை. அவன் கம்பெனியில் விடுப்பு முடிந்து வருகிறவனின் நாடியைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஓய்வெடுக்கப் போனவன் ஓய்வெடுத்துத்தான் வந்தானா என்று பார்ப்பார்களாம். போன தடவை அவனுக்கு மதிப்பெண் குறைந்து, வரவேண்டிய பதவி உயர்வு பக்கத்து நாற்காலிக்காரனுக்குப் போய்விட்டது. இப்போது 'இளைப்பாறல்' என்று ஒரு நிறுவனம் வந்திருக்கிறது, கோத்தகிரியில் விடுதி வைத்திருக்கிறார்கள், அறை, வண்டி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றான். அது மட்டுமில்லை, கவலையையே உடம்பிலிருந்து இறக்கிவிடுவார்களாம். மூன்று நாள் ஒருத்தரும் எதையும் நினைக்க வேண்டியதில்லை.

தாரணிக்கு ஆசையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ஒரு டம்ளர் டீயைச் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்பது பல வருஷமாக அவள் மனசில் இருந்தது. இறக்கிய கவலை எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை. குப்பையை வாசலில் வைத்தால் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. அதை எந்த ஊர் எல்லையில் கொட்டுகிறார்கள் என்று யார் கேட்கிறார்கள்?

மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்திலேயே அவர்கள் ஆபீஸ் இருந்தது. உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைப்புல் தைலத்தின் வாசனை தொண்டை வரை இறங்கியது. மெர்லின் என்ற பெண் சிரித்த முகத்தோடு வந்து, பிளாஸ்திரி அகலத்தில் மூன்று வெள்ளைப் பட்டைகளைத் தட்டில் வைத்தாள். ஒரு பக்கம் ஜெல்லி மாதிரி வழவழத்தது. பிடரியில் ஒட்ட வேண்டும், திரும்பி இங்கே வந்துதான் எடுக்க வேண்டும் என்றாள். யாருக்கு முதலில் ஒட்டுவது என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பூபதி சட்டைக் காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டிவிட்டான்.

தாரணி இனியாவை முன்னால் தள்ளினாள். "இவளுக்கு ஒட்டிருங்க. நான் கடைசியா ஒட்டிக்கறேன்."

யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வீட்டில் தோசை வார்த்தாலும் அதுதான் வரிசை. முதல் தோசை பூபதிக்கு, பிறகு இனியாவுக்கு, மறுபடி பூபதிக்கு. மாவு தீரும்போது வருகிற, ஓரம் பிய்ந்த கடைசித் தோசை அவளுக்கு. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. கண் இமைக்கிற மாதிரி.

மெர்லின் அவளைச் சற்று நேரம் பார்த்தாள். "நீங்களாத்தானே சொல்றீங்கக்கா?" என்று கேட்டு ஒரு கண்ணாடித் தகட்டை நீட்டினாள். ஆமாம் என்று தாரணி விரலை வைத்தாள்.

ஓட்டுநர் இல்லாத வேன் சத்தமில்லாமல் மலை ஏறியது. இரண்டாவது வளைவுக்குள் இனியா தூங்கிவிட்டாள். மலைப் பாதையில் அவள் தூங்கி தாரணி பார்த்ததே இல்லை. பதினாலு வயதுப் பெண்ணின் வாய் லேசாகத் திறந்து, சின்னக் குழந்தையின் முகமாகிவிட்டது. பூபதியின் நெற்றிச் சுருக்கம்கூட இஸ்திரி போட்ட மாதிரி மறைந்திருந்தது. பரவாயில்லையே என்று தாரணி நினைத்த அதே நேரத்தில் அவள் வாயில் உமிழ்நீர் ஊறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பிரேக் பிடிக்காமல் போனால், பாறை உருண்டால், எதிரே பஸ் வந்தால் என்று உடம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் விறைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மலைப் பாதையில் அவள் வாந்தி எடுத்தாள், மகளுக்காக எடுத்து வந்த கவரில்.

பூபதி திரும்பிப் பார்த்தான். அவள் வாயிலிருந்து நூலாகத் தொங்கியதையும் பார்த்தான். பிறகு இனிமையாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஜில்லுனு இருக்குல்ல?" என்றான்.

விடுதி அழகாகத்தான் இருந்தது. தேயிலைச் சரிவைப் பார்த்த அறை, வெள்ளை மெத்தை, கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்கிற பணியாட்கள். தாரணியால்தான் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காரணமே இல்லாத பயம் ஒன்று வயிற்றில் குடிபுகுந்திருந்தது. தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தலையணையைத் தூக்கிப் பூச்சி தேடினாள். பிடரியிலிருந்து ஒரு நெடி கிளம்பியது, வெயிலில் மறந்து வைத்த மோர்ச் சாதத்தின் நெடி. எத்தனை தடவை குளித்தாலும் அது போகவில்லை. தன் உடம்பின் பக்கத்தில் படுக்க அவளுக்கே கூசியது.

அவர்கள் இருவரும் கொழுத்த அமைதியில் இருந்தார்கள். இனியா அவ்வப்போதாவது அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பூபதி அதுவும் இல்லை. சாப்பிடும்போது அவன் மோவாயில் எண்ணெய் வழிந்தால் வழிந்தபடி இருந்தது. யார் என்ன நினைப்பார்கள் என்ற நினைப்பு போனால் மனுஷன் எப்படித் தின்பான் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை தேயிலைக்கு நடுவே நடக்கப் போனார்கள். ஒரு திருப்பத்தில் பாதையை அடைத்துக்கொண்டு காட்டுமாடு நின்றது. கறுத்த மலை போல உடம்பு, வெள்ளைக் கால்கள், மூக்கிலிருந்து புகையாக மூச்சு. தலையைத் தாழ்த்தி ஒரு காலால் மண்ணைக் கிளறியது. பூபதி புன்சிரிப்போடு அதை நோக்கி நடந்தான். இனியா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கப் போகிறவர்கள் மாதிரி போனார்கள்.

தாரணி ஓடினாள். மகளின் தலைமுடியையும் புருஷனின் சட்டையையும் கைக்கு வந்தபடி பற்றிப் பின்னால் இழுத்தாள். செருப்பு கழன்று, முட்டி கல்லில் கிழிந்தது. மாடு இரண்டு எட்டு முன்னால் வந்து, என்ன நினைத்ததோ, சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"அது பாட்டுக்கு நின்னுட்டு இருக்குது. நீ ஏன் புள்ள இப்படிப் பதறுற?" என்றான் பூபதி. அவன் கை நடுங்கவில்லை. வேர்க்கக்கூட இல்லை. தாரணிக்கு மூன்று பேரின் நடுக்கமும் சேர்ந்து ஒரே உடம்பில் நடுங்கியது. அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

மெர்லினும் இவர்களோடு விடுதிக்கு வந்திருந்தாள். தாரணி முட்டியில் ரத்தத்தோடு போய் அவள் முன்னால் நின்றாள். மெர்லின் பஞ்சை எடுத்துத் துடைத்தபடியே, இதைப் பலபேருக்குச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"பயத்தை அழிக்க முடியாதுங்கக்கா. ஆளைத்தான் மாத்தலாம். வீட்டுல ஒருத்தர் முழிச்சிருந்தா மத்தவங்க நிம்மதியாத் தூங்குவாங்கல்ல, அதேதான். ஒருத்தர் காவலுக்கு இருக்காங்கன்னு மத்தவங்க உடம்புக்கு இந்தப் பட்டை சொல்லும். அவங்க முழிப்பெல்லாம் அந்த ஒருத்தருக்குப் போயிரும்."

"அந்த ஒருத்தர் யாருன்னு யாரு முடிவு பண்றது?"

"கடைசியா ஒட்டிக்கிறவங்க."

தனியாக வருகிறவர்களுக்குக் கூலிக்கு ஆள் வைப்பார்களாம். அது பெரிய பணக்காரர்கள் விஷயம். குடும்பத் திட்டத்தில் கூலி ஆள் தேவைப்படுவதில்லை. தாரணிக்குப் புரிந்தது. ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். பதிவு செய்கிறவரிடம் சொல்லிவிடுவோம், சாரிடம் சொல்லியிருக்கிறது என்றாள் மெர்லின்.

"நாங்க யாரையும் பிடிச்சுத் தள்ளறதில்லைக்கா. நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து ஒருத்தரைக்கூட, நீங்க கடைசியா ஒட்டுங்கன்னு நான் சொன்னதில்லை. எந்தக் குடும்பம் வந்தாலும் ஒருத்தங்க தானாப் பின்னாடி நகந்து நிப்பாங்க."

இப்போதே பிய்த்து எறிந்துவிடலாம் என்று தாரணியின் கை பிடரிக்குப் போனது. அவரவர் விரல் பட்டால் அவரவர் பட்டை கழன்றுவிடும். ஆனால் அவள் எடுத்துவிட்டால் எல்லாம் அவளுக்கு முன்னால் ஒட்டியவருக்குப் போய்விடும் என்று மெர்லின் சொன்னாள். இனியாவுக்கு. மூன்று பேரும் சேர்ந்து கீழே வந்து ஒன்றாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது தன் பட்டையைக் கழற்றி மறுபடி ஒட்டிக்கொண்டால் அவர் கடைசி ஆகிவிடுவார்.

"அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு அளவு எதுவும் வெச்சிருக்க மாட்டீங்களா?"

"இறக்கறதுக்கு வெச்சிருக்கோம். புள்ளைங்களுக்குப் பாதிதான் இறங்கும், சட்டம் அப்படி." மெர்லின் பஞ்சைக் குப்பையில் போட்டாள். "வாங்கறதுக்கு அளவு வெக்கலைங்கக்கா. புள்ளைங்க யாரும் கடைசியா ஒட்டிக்கறதில்லையே."

உங்கள் வீட்டில் நீ எத்தனாவதாக ஒட்டிக்கொள்வாய் என்று தாரணி கேட்டாள். மெர்லின் கையைக் கழுவப் போய்விட்டாள்.

அறைக்கு வந்தபோது பூபதி மதியச் சாப்பாட்டின் கடைசிப் பகுதியில் இருந்தான். தயிர் சாதத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, விரல் விரலாக நக்கிக்கொண்டிருந்தான். இனியா அடுத்த கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தாரணி குரலை உயர்த்தாமல் கேட்டாள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா என்று. மறுப்பான், சமாளிப்பான், குறைந்தது முகமாவது கறுக்கும் என்று எதிர்பார்த்தாள்.

"தெரியுமே. சொன்னாங்க. நீ எப்படியும் டென்ஷன் ஆகறவதானே புள்ள? அதோட எங்களுதும் கொஞ்சம் சேந்துட்டா என்ன வித்தியாசம் தெரியப் போகுதுன்னுதான் இருந்துட்டேன்."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். கவலையோடு வெட்கமும் இறங்கிப் போயிருந்தது. அந்த வெட்கமும் இப்போது தன் வயிற்றில்தான் கிடக்கிறது என்று தாரணி நினைத்தாள். சொன்னவன் அவன், கூசுவது அவள்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாள். நீங்க கழட்டிட்டு மறுபடி ஒட்டிக்குங்க. நான் ஒரு மணி நேரம் தூங்கிக்கறேன்."

"திங்கக்கெழமை நாடி பாப்பாங்களே" என்றான். "நாளைக்குத்தான் கெளம்பறோமே, உடு." பிறகு உள்ளங்கையை ஒரு தடவை வழித்து நக்கினான்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரிடம் கத்துவது? எதிரில் இருந்தது புருஷன் அல்ல, சாப்பிட்டு நிறைந்த ஒரு வயிறு. அதைவிடக் கசப்பான ஒன்று அவளுக்குத் தெரிந்தது. பட்டை இல்லாத நாட்களிலும் அவன் இப்படித்தான் இருந்திருக்கிறான். நிறுவனம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அவள் குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாள் காலையில் கண் விழித்தபோது அறையில் வெயில் விழுந்திருந்தது. அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை. வயிறு லேசாக இருந்தது. முட்டிக் காயம்கூட வேறு யாருடைய காயமோ போல இருந்தது. உடம்பு பழகிவிட்டது போல என்று நினைத்தாள், அந்த நினைப்பும் மிதந்து போய்விட்டது. மேஜை மேல் டீ இருந்தது, ஆவி பறக்க. யார் வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து குடித்தாள். தொண்டையில் சூடு இறங்குவதை ஒவ்வொரு மிடறிலும் உணர்ந்தாள். தேயிலைச் சரிவில் பனி விலகிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அங்கேயே இருந்த அந்தச் சரிவை அவள் அப்போதுதான் பார்த்தாள். இப்படிக்கூட இருக்க முடியுமா என்று வியப்பாக இருந்தது.

மூன்று பேரின் பெட்டிகளையும் இனியா ஏற்கெனவே அடுக்கி வாசலில் வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில்கள் நிறைந்திருந்தன. சாப்பாட்டு மேஜையில் அவள் இட்லியைத் தொடவில்லை. அறையைப் பூட்டிய பிறகு திரும்ப ஓடிப்போய் ஹீட்டர் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தாள். வேனில் ஏறியவள் இறங்கி மறுபடி போய்ப் பார்த்தாள். பொறுப்பான பெண் என்று தாரணிக்குச் சந்தோஷமாக இருந்தது.

இறங்கும் பாதையில் பூபதியும் அவளும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கல்யாணமான புதிதில் அப்படி உட்கார்ந்தது. முன் சீட்டில் இனியா கவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்து, உதட்டிலிருந்து நூலாக ஒன்று தொங்கியது. பாவம் என்று தாரணி நினைத்தாள். சிரித்தாள். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது.

"ஜில்லுனு இருக்குல்ல?" என்றாள்.

"ஆமா புள்ள" என்றான் பூபதி.

மேட்டுப்பாளையம் ஆபீஸில் மூவரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். அவரவர் விரலை அவரவர் பட்டையில் வைக்கச் சொன்னாள் மெர்லின். பூபதியின் பட்டை ஒட்டிய அன்றைய வெள்ளையிலேயே வந்தது. தாரணியுடையது மஞ்சள் பூத்திருந்தது, ஆனால் காய்ந்திருந்தது. இனியாவின் பட்டை ஊறிப் பழுப்பாகி, எடுக்கும்போது நூல் விட்டது. அந்த மோர்ச் சாத நெடி அறை முழுக்கப் பரவியது. எலுமிச்சைப்புல் தைலத்தால் அதை அமுக்க முடியவில்லை.

மரத்துப்போன காலில் ரத்தம் ஏறுவது போல எல்லாம் தாரணிக்குள் திரும்பி வந்தது. அடுக்கியிருந்த பெட்டிகள், தொடாத இட்லி, ஹீட்டர் சுவிட்ச், வேனில் திரும்பிப் பார்த்த முகம். ஒன்றைக்கூட அவள் பார்க்காமல் விட்டிருக்கவில்லை. பார்க்கவில்லை என்றால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நீ அப்பாகிட்ட சொன்னது கேட்டுச்சும்மா" என்றாள் இனியா. அவள் பற்கள் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தன. "காத்தால கழட்டி மறுபடி ஒட்டிக்கிட்டேன். நீ ஒரு நாளாச்சும் டீயைச் சூடாக் குடிக்கட்டும்னுதான்."

மெர்லின் தட்டை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். பூபதிக்கு இது எதுவும் எட்டவில்லை. எதிர்ச்சுவரில் ஓடிய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கும் இங்கேயே பதிந்துவிடலாமா என்று கேட்டான்.

"அப்பவும் நானே கடைசியா ஒட்டிக்கறேன்" என்றாள் இனியா.

"பாத்தியா எம் பொண்ணை" என்று பூபதி அவள் தலையைத் தடவினான். அவன் குரலில் உண்மையாகவே பெருமை இருந்தது.

வேண்டாம் என்று சொல்ல தாரணி வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லுக்கு முன்னால் வேறொன்று நாக்கில் வந்து நின்றது. அந்தக் காலை டீயின் சூடு. பனி விலகின சரிவு. இன்னொரு தடவை அப்படி உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நொடி, முழுசாக ஒரு நொடி, அவள் உடம்பு சப்புக்கொட்டியது. எதிரே மகளின் பிடரி தோல் உரிந்து சிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சப்புக்கொட்டியது.

மலை இறங்கும்போது வராத குமட்டல் அப்போது வந்தது. பளிங்குத் தரையில் மண்டியிட்டு, குடித்த டீ முழுவதையும் அவள் கக்கினாள். வரிசையில் நின்றிருந்த அடுத்த குடும்பம் முகத்தைச் சுளித்து விலகியது. அந்தக் குடும்பத்திலும் ஒரு பெண் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

இனியா கவரை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்த வேகத்தைப் பார்க்கத் தாரணிக்குப் பயமாக இருந்தது. மகளின் கையை விலக்கினாள்.

"நீ போய் உக்காரு கண்ணு." வாயைத் துடைக்காமலே நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "நீங்க வாங்க. வந்து என் நெத்தியைப் பிடிங்க."

பூபதி இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். மெர்லினைப் பார்த்தான். தரையில் பரவிக் கிடந்ததைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

"நானா?" என்று கேட்டான்.